வைத்தியத்திற்கும் ஒரு வஸிய்யத்

நம்மவர்கள் சொத்துக்கு வஸிய்யத் எழுதக் கூச்சப்படுவதில்லை. ஆனால் வாப்பா, ‘நினைவு தப்பிக் கிடந்தால் எனக்கு இன்ன வைத்தியம் போதும்’ என்று வாய் திறந்ததும், ‘மௌத்துப் பேச்சு எதற்கு வாப்பா?’ என்று பிள்ளைகள் தடுத்து விடுகின்றனர். இது தவக்குலுக்கு விரோதம் என்பாரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயின்போது, வாயோரத்தில் மருந்து ஊற்ற வேண்டாமென்று சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின் மீதுள்ள வெறுப்புதான் என்றெண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இவ்வறிவிப்பு புகாரியில் உள்ளது. ஊற்றியவர்கள் என்ன, அன்பில் குறைந்தவர்களா?

உயிரைத் தானே போக்கிக்கொள்வது ஹராம். அதில் இரு பேச்சில்லை. மீள வழியற்ற நிலையிலும் சுவாசக் கருவி வேண்டுமா என்பது வேறு மஸ்அலா; ஆலிமையும் டாக்டரையும் சேர்த்துக் கேட்க வேண்டியது. இவ்விருப்பத்தை முன்கூட்டி எழுதி வைக்கும் பத்திரத்தை நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2018ல் அங்கீகரித்தது. 2023 முதல் இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பமும் இருந்தால் போதும்.

சட்டம் எளிதாகிவிட்டது, நாவுதான் எழவில்லை. சென்ற ரமலானில் எம் வாப்பா இப்பேச்சை எடுத்தபோது, ‘துஆச் செய்யுங்கள் வாப்பா’ என்று நாமும் எழுந்து போய்விட்டோம்.