பின் ஸீட்டுக் காதுகள்

ஒரு பழைய சின்னக் காரின் பின்பக்கத்தில் ஒலிபெருக்கி பொருத்துவது தர்மத்தைச் சேர்ந்த பிரச்னை என்று நான் சொன்னால் வாசகர்களில் பலர் சிரிப்பார்கள். "மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதை எங்களிடம் ஏன் கேட்கிறீர்?" என்பார்கள். ஒயரும் திருகாணியும் சம்பந்தப்பட்ட வரையில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அடுத்தவர் காதில் என்ன விழ வேண்டும், எவ்வளவு உரக்க விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியும் அந்த வேலையில் கலந்திருக்கிறது. அதற்குப் பாதிப் பதில் ஒரு மெக்கானிக்கிடமிருந்தே எனக்குக் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் பழைய வண்டியை யாரும் லேசில் கைவிடுவதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். இரும்பைப் பழுது பார்த்தும் புதுப்பித்தும் பிழைக்கத் தெரிந்த பூமி இது. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் அதை இன்றும் பார்க்கலாம்.

என் நண்பர் ஒருவரிடம் அப்படி ஒரு கார் இருக்கிறது. வயது இருபத்தைந்துக்கு மேல். குளிர்சாதனம் கிடையாது, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். முன்பக்கத்தில் இருந்த இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளின் பாட்டு, வண்டி வேகம் பிடித்ததும் காற்றிரைச்சலில் கரைந்துவிடும். பின் ஸீட்டில் அவருடைய தாயார் உட்கார்ந்து வருவார். எண்பது வயது. "அம்மாவுக்குப் பாட்டே கேட்பதில்லை, பாவம்" என்பார் நண்பர். அந்த எண்ணத்தில் எந்தக் கபடமும் இல்லை. தாயாருக்காகத்தான் அவர் செலவு செய்ய முன்வந்தார்.

சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். காரின் பின் கண்ணாடிக்குக் கீழே சாமான் வைக்கும் பலகை ஒன்று உண்டல்லவா? அதில் 6 அங்குலத்துக்கு 9 அங்குலம் உள்ள நீள்வட்ட ஒலிபெருக்கிகளைப் பொருத்துவதாக ஏற்பாடு. பழைய பலகை மெலிந்தது. பாட்டோடு சேர்ந்து அதுவும் அதிரும் என்பதால், மெக்கானிக் பிளைவுட்டில் புதிதாக ஒன்று அறுத்தார். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலந்தால் தாழ்ந்த ஸ்வரங்கள் அடிபட்டுப் போகும். இரண்டையும் பிரிப்பது அந்தப் பலகைதான் என்று விளக்கினார். அவசரமாகப் பிரேக் போட்டால் பலகையே பறந்து வந்து தலையில் இடிக்கும் என்று அதை இறுக்கி முடுக்கினார். பிறகு ஒரு சின்ன பாட்டரி செல்லை ஒயரில் தொட்டு, இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பார்த்தார். ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால், தனித்தனியே இரண்டும் நன்றாகப் பாடும். சேர்ந்து பாடும்போது பாட்டில் கனம் இருக்காதாம்.

வேலை முடிந்ததும் நண்பர் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து திருகைத் திருப்பினார். "பிரமாதம்!" என்றார். மெக்கானிக் மட்டும், "முன்னாடி இருந்து கேட்டா எப்படிங்கண்ணா தெரியும்? பின்னாடி வந்து உக்காருங்க" என்றார். நண்பர் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

நாமக்கல்லுக்குத் திரும்பும்போது நான் பின்னால், அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலத்துக்குப் போகும்போதும் அதே இடந்தான். அப்போது ஆண்டகளூர் கேட்டைத் தாண்டும் வரையில் அந்த அம்மாள் பேசிக்கொண்டே வந்தார். இந்தக் கிணறு யார் வெட்டியது, அந்தத் தோட்டம் எந்தப் பங்காளிச் சண்டையில் கைமாறியது, கொல்லிமலையில் மேகம் எப்படிக் கூடினால் மழை வரும் என்றெல்லாம் சொன்னார். நண்பரும் முன்னாலிருந்து "ஆமாமா, ஆமாமா" என்று கேட்டுக்கொண்டு வந்தார். திரும்பும்போது மல்லூர் தாண்டியதும் அந்த அம்மாள் ஏதோ ஆரம்பித்தார். முன் ஸீட்டுக்கு அது எட்டவில்லை. இரண்டாம் முறையும் சொல்லிப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"பாட்டு நன்றாயிருக்கிறதா, அம்மா?" என்று குனிந்து கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. பையன் ஆசைப்பட்டு வெச்சிருக்கான், கொறை சொல்லலாமா?"

இந்த பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. கொடுமைக்காரன் ஒருவன் நம் காதருகே இரைச்சல் போட்டால் எதிர்த்துக் கத்தலாம். ஊரும் நம் பக்கம் நிற்கும். பிரியமுள்ள மகன் போடும்போது என்ன செய்வது? அவனுடைய அன்பே வாயை அடைத்துவிடுகிறது. சும்மா இருப்பதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொள்கிறான். மறுநாள் இன்னும் கொஞ்சம் திருகுகிறான்.

இதில் விஞ்ஞானத்தின் பங்கும் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மூடிய காருக்குள் அவ்வளவு குறையாது என்றாலும், தலைக்குப் பின்னால் ஒரு முழத்தில் பாடும் ஒலிபெருக்கிக்கும், இரண்டு ஸீட் தள்ளிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஓட்டுகிறவர் காற்றிரைச்சலை ஜெயிப்பதற்காகத் தம் காதுக்கு ஏற்றபடி வைக்கிறார். பின்னால் இருப்பவர் அதற்கு மேலேயே கேட்டாக வேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் கூட்டுவதும் ஓரிடத்தில்; அனுபவிப்பது வேறிடத்தில். கண்ணை மூடிக்கொள்ள இமை இருக்கிறது. காதை மூடிக்கொள்ள முந்தானைதான் இருக்கிறது.

புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். "மீதித் தூரம் நான் ஓட்டுகிறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். நண்பர் பின்னால் ஏறினார். அவர் வைத்திருந்த அளவை நான் மாற்றவில்லை. இரண்டு மைல் போயிருப்போம். கண்ணாடியில் பார்த்தேன். அவர் கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார், திருகு எட்டவில்லை. "கொஞ்சம் குறையப்பா" என்று இரண்டு தடவை கத்தினார். இரண்டாவது தடவைதான் எனக்குக் கேட்டது.

சொந்தக் காரில் சொந்தப் பணத்தில் பாட்டு வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. சங்கீதத்தை நான் குறை சொல்லவில்லை. இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவனுக்குப் பாட்டு எவ்வளவு பெரிய துணை என்பது இந்த ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் பணம் கொடுத்து வாங்கியது ஒலிபெருக்கியைத்தான். பக்கத்தில் இருப்பவர்களின் காதை அல்ல. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பை மிதிக்காமல் நடப்பது கஷ்டமும் அல்ல. நான்கு ஒலிபெருக்கிகளை இயக்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும், முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்று ஒலியைப் பங்கிடும் வசதி இருக்கிறது. நண்பருடைய பெட்டியிலும் இருந்தது. அதைத் தொட வேண்டும் என்ற நினைப்புத்தான் இல்லாமல் இருந்தது.

தெருவுக்குச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 என்று வரம்பு கட்டியிருக்கின்றன. பின் ஸீட்டில் இருக்கும் தாயாருக்காக மகனிடம் டெசிபல் கணக்குப் பார்க்க எந்தப் போலீஸ்காரரும் வர மாட்டார். அங்கே மனச்சாட்சிதான் அளவுகோல்; அந்த அளவுகோலும் முன் ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் சரியாக அளக்காது.

நம் குடும்பங்களில் எத்தனையோ காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன. பெண்ணுக்கு என்ன படிப்பு, வயதானவருக்கு எந்த அறை, மருமகள் எந்த ஊரில் இருப்பது என்பனவற்றையெல்லாம், அந்த முடிவின் சத்தம் தம் காதில் விழாத இடத்தில் இருப்பவர்கள் அன்போடு தீர்மானிக்கிறார்கள். அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவர் அவருடைய இடத்தில் ஐந்து நிமிஷமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு அவகாசமில்லாவிட்டால், அங்கே இருப்பவர் வாய் திறக்கும்போது காதில் விழுகிற அளவுக்காவது பாட்டைத் தணித்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.