ஊருக்கு ஊற்றாகும் அறம்

ஒரு சமூகம் தான் வாழும் ஊருக்குத் தரக்கூடியவற்றில் நீடித்து நிற்பது நிறுவனமே. முஸ்லிம் சமூகத்தின் கல்லூரிகள் இதற்குச் சான்று. உத்தமபாளையம் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1956-இல் எழுந்தது ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு நெடுந்தூரம் போக வேண்டியிருந்த காலம் அது. மதுரையில் 1964-இல் வக்ஃபு வாரியக் கல்லூரி தொடங்கியது. இரண்டிலும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இஸ்லாம் ‘ஸதகத்துல் ஜாரியா’ என்று சொல்லும் நிலையான தர்மமும், ஊருக்குப் பயன்பட வாழ்வதை வள்ளுவர் ‘ஒப்புரவு’ என்று சொல்லும் அறமும் இங்கே ஒன்றாகின்றன. பசித்தவருக்கு இடும் சோறு அன்றைய பசியைத் தீர்க்கும். கல்லூரியோ தலைமுறைகளின் இருளைத் தீர்க்கும்.

“சிறுபான்மையினர் மட்டும் ஏன் தங்கள் பயனை நிரூபிக்க வேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடியுரிமை எவரும் தேர்வெழுதிப் பெறும் பரிசு அன்று. ஒன்றும் தராதவருக்கும் அது முழுமையாக உண்டு. கொடை கடமையிலிருந்து பிறக்க வேண்டும், அச்சத்திலிருந்து அன்று. “முதலில் நம்மவர்க்குச் செய்வோமே” என்பாரும் உண்டு. ஆனால் பொதுக் கல்லூரியில் நம்மவர் பிள்ளையும் அண்டைவீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள்; ஐயம் கரைவது அங்கேதான். இதே நோக்கில், பிரிட்டனில் 2015 முதல் பல பள்ளிவாசல்கள் ஆண்டுதோறும் ஒரு நாள் அனைவரையும் வரவேற்கின்றன. நல்ல தொடக்கம். ஒரு நாள் திறக்கும் கதவு, ஆண்டு முழுதும் திறந்திருக்கும் வகுப்பறையாக வளரட்டும்.