வேண்டாப் பொருளும் கொடையின் இலக்கணமும்

வீட்டில் பயனின்றிக் கிடக்கும் கட்டில், மின்விசிறி, துணிமணி, பாத்திரம், புத்தகம் முதலியவற்றை விற்பதா, யாருக்கேனும் கொடுத்துவிடுவதா என்ற கேள்வி இல்லற நிர்வாகத்தைச் சார்ந்த சிறு செய்தியாகத் தோன்றினாலும், சமய நூல்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஓர் அறச்சிக்கல் அதனுள் அடங்கியிருக்கிறது. தனக்கு வேண்டாத ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பது கொடையாகுமா என்பதே அச்சிக்கல். ஒரு பொருளின்மீது தனக்குள்ள உடைமையுரிமையை நீக்கிக்கொண்டு, அதே பொருளின்மீது பிறருக்கு உடைமையுரிமையை உண்டாக்குவதே தானம் என்று தருமசாத்திர உரையாசிரியர்கள் வரையறுக்கின்றனர். இவ்வரையறையை மட்டும் கொண்டு பார்த்தால், கால் ஒடிந்த நாற்காலியை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்தவரும் தானம் செய்தவரே ஆவார். ஆனால் அந்த நாற்காலியைப் பெற்றவர் அவ்வாறு கருதமாட்டார் என்பதில் ஐயமில்லை.

இச்சிக்கலை மிகக் கூர்மையாக முன்வைக்கும் நூல் கடோபநிடதம். தன்னிடமுள்ள அனைத்தையும் கொடுத்துவிட வேண்டிய விசுவஜித் என்னும் வேள்வியை வாஜசிரவசர் இயற்றுகிறார். தட்சிணையாக, அதாவது வேள்வி நடத்திய அந்தணர்க்குரிய கொடையாக, அவர் ஓட்டிவரச் செய்த பசுக்கள் தங்கள் கடைசித் தண்ணீரைக் குடித்து, கடைசிப் புல்லை மேய்ந்து, பால் முற்றக் கறக்கப்பட்டு, இனி ஈனவும் ஆற்றாத கிழப்பசுக்கள். இத்தகையவற்றைக் கொடுப்பவர் இன்பமற்ற உலகங்களையே அடைவார் என்று எண்ணிக் கலங்கும் அவருடைய இளமகன் நசிகேதன், தன்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர் என்று மூன்று முறை கேட்கிறான். சினந்த தந்தை எமனுக்குக் கொடுத்தேன் என்கிறார். இக்கதையைப் படிப்போர் பெரும்பாலும் எமனுடன் நிகழும் ஆன்மவிசாரணைக்கு விரைந்து சென்றுவிடுவதால், அவ்விசாரணைக்கு வாயிலாக அமைந்தது ஒரு மோசமான கொடை என்பது கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. வாஜசிரவசர் சடங்கின் சொல்லை மீறவில்லை. பசு என்று எண்ணப்படுவதைக் கொடுத்தார். அவர் உண்மையில் செய்தது தம் தொழுவத்துச் சுமையைப் பிறர் தொழுவத்துக்கு மாற்றி, அம்மாற்றத்துக்குப் புண்ணியமும் கோரியதுதான்.

இதே குற்றத்தைப் பிற சமயங்களும் கண்டு கடிந்துள்ளன. குருடும் முடமுமான விலங்குகளைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தோரை நோக்கி, இவற்றை உங்கள் ஆளுநருக்குக் கொடுத்துப் பாருங்கள், அவர் ஏற்பாரா என்ற பொருள்படக் கேட்கிறது விவிலியத்தின் மல்கியா நூல். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 267ஆம் வசனம் கேள்வியைத் தெய்வத்திடமிருந்து அகற்றி மனிதரிடமே கொண்டுவருகிறது: கண்ணை மூடிக்கொண்டாலன்றித் தாமே வாங்க விரும்பாத தாழ்ந்த பொருளைத் தேர்ந்து பிறருக்குக் கொடுக்க நாடவேண்டாம் என்பது அதன் கருத்து. ஐந்தாம் நூற்றாண்டுப் பௌத்த உரையாசிரியரும், காஞ்சியில் தங்கியவர் என்று மரபு கூறுபவருமான புத்தகோசர் இதை ஓர் அளவுகோலாகவே வகுத்தார். தான் இனியதை உண்டு பிறருக்கு இனிமையற்றதைக் கொடுப்பவர் தானத்தின் அடிமை. தான் நுகர்வதையே கொடுப்பவர் தானத்தின் தோழர். தான் எளியதில் வாழ்ந்து பிறருக்குச் சிறந்ததைக் கொடுப்பவர் தானத்தின் தலைவர். கொடுப்பவர் பொருளை விட்டுவிட்டதாகத் தோன்றினும், நல்லதைக் கைவிட மாட்டாமல் அதற்குக் கட்டுப்பட்டே கிடப்பதால் முதலாமவரை அடிமை என்றது மிகப் பொருத்தமான தீர்ப்பு.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டால் பழைய பொருளைக் கொடுப்பதே தகாது என்ற முடிவுக்கு வர நேரும், அம்முடிவு சரியன்று. கொடுப்பவருக்கு அப்பொருள் எவ்வளவு அருமையானது என்பதை மட்டுமே மேற்கண்ட நூல்கள் அளக்கின்றன. பெறுபவருக்கு அது எதற்கு உதவும் என்பது வேறொரு கேள்வி. அருமையான பொருளும் பெறுபவருக்கு உதவாமற் போகலாம் என்பதற்குச் சங்க இலக்கியத்தில் புகழ்பெற்ற சான்று உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பாடும் பரணர், அம்மயில் அதை உடுக்கவோ போர்த்தவோ போவதில்லை என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்கிறார். பெறுவது யார், அவருக்கு இது பயன்படுமா என்று எண்ணாமல் வழங்கும் அவ்வியல்பைப் பழந்தமிழ் மரபு கொடைமடம் என்று பெயரிட்டுப் போற்றுகிறது. புகழுக்குரிய மடமைதான் எனினும், வேண்டாம் என்று சொல்ல அந்த மயிலுக்கு வாய்ப்பு இருந்ததில்லை என்பதையும் நினைவிற்கொள்வது நல்லது.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி ஒன்று பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலாகிய வினயபிடகத்தில் வருகிறது. உதேனன் என்னும் அரசனின் தேவியர் புத்தரின் சீடரான ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்துவிட, இவ்வளவையும் வைத்துக்கொண்டு துறவி துணிவணிகம் செய்யப்போகிறாரா என்று ஐயுற்ற அரசன் அவரிடமே சென்று கேட்கிறான். கிழிந்த ஆடை உடுத்த துறவியரோடு பகிர்ந்துகொள்வோம் என்கிறார் ஆனந்தர். அப்படியானால் கிழிந்த பழைய ஆடைகள் என்னாகும் என்று அரசன் தொடர்ந்து கேட்க, அவை மேல்விரிப்பாகும் என்றும், பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும் என்றும், பழைய உறைகள் தரைவிரிப்பாகும் என்றும், அவையும் நைந்தபின் கால்துடைக்கும் துணியாகவும் தூசுதட்டும் துணியாகவும் ஆகும் என்றும், இறுதியில் அவற்றை நுணுக்கி மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்றும் விடை வருகிறது. இங்கே ஒவ்வொரு பொருளும் தன் நிலைக்கேற்ற அடுத்த பயனை அடைகிறது. நைந்துபோன துணியை ஆடை என்று சொல்லி யாருக்கும் கொடுக்கவில்லை. தெருவிலும் குப்பைமேட்டிலும் எறியப்பட்ட கந்தைகளைத் தாமே பொறுக்கித் தைத்து உடுத்தும் பாம்சுகூலம் என்னும் நோன்பும் இம்மரபினதே. கந்தை இழிவானது என்ற எண்ணத்தைத் துறவி ஏற்கவில்லை; ஆனால் அக்கந்தையைத் தேர்ந்தெடுத்தவர் அவரே.

இவ்விடத்தில் திருக்குறளின் அதிகார வைப்பு உதவிக்கு வருகிறது. 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்வதற்கான உலகநடையை அறிந்து உதவுதல். ஈகை என்பது வறியராய் வந்து ஏற்றவர்க்கு மறுக்காமல் கொடுத்தல். முன்னது இம்மையையும் பின்னது மறுமையையும் நோக்கியது என்று வேறுபடுத்துகிறார் பரிமேலழகர். ஒப்புரவுக்கு வள்ளுவர் காட்டும் உவமைகள் ஊருணியும் ஊர்நடுவே பழுத்த மரமும் ஆகும். ஊருணியில் நீர் மொள்பவர் யாருக்கும் கடன்படுவதில்லை, மரமும் பழம் உதிர்த்ததற்குப் பெருமை கொள்வதில்லை. வேண்டாத பொருளைக் கைமாற்றுதல் ஈகை என்ற தலைப்பின்கீழ் வருவதன்று, ஒப்புரவு என்ற தலைப்பின்கீழ் வருவது என்று கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடுகிறது. இழப்பு ஏதும் இல்லாத இடத்தில் ஈகையின் புண்ணியத்தைக் கோருவது பொருந்தாது. அதே சமயம், பயன்படக்கூடிய பொருளைப் பரணில் பூட்டிவைப்பது ஊருணியைச் சுவரெழுப்பி அடைப்பதற்கு நிகராகும்.

ஒப்புரவு என்று கொண்டபின் எழும் கேள்வி, பெறுபவர் மறுக்க இயலுமா என்பது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 122ஆம் பிரிவில், பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் கொடை நிறைவுபெறும் என்று விதிக்கிறது. தானத்தின் ஆறு உறுப்புகளை எண்ணும் தருமசாத்திர ஆசிரியர் தேவலரும் கொடுப்பவர், பொருள், நம்பிக்கை, இடம், காலம் ஆகியவற்றோடு ஏற்பவரையும் ஓர் உறுப்பாகவே வைத்தார். சட்டமும் சாத்திரமும் ஏட்டில் இப்படிக் கூறினாலும், நடைமுறையில் ஏற்பு என்பது பலருக்குத் தெரிவாக அமைவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் சாயம் போன புடவைகளையும் மூடியில்லாத குக்கரையும் வீட்டுக்காரர் நீட்டும்போது, வேண்டாம் அம்மா என்று சொல்லும் உரிமை அவருக்குப் பெயரளவில் மட்டுமே உண்டு. சொன்னால் திமிர் என்ற பேச்சு எழும், தீபாவளிக்குத் தரவேண்டிய போனசும் அந்தக் குக்கரின் பெயரால் குறையலாம். ஆகவே அவர் வாங்கிக்கொண்டு, சுமந்து சென்று, காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார். கொடுத்தவர் தம் வீட்டைச் சுத்தம் செய்ததற்கு, ஏற்றவர் கூலியில்லாமல் சுமைதூக்கியாக வேலை செய்திருக்கிறார் என்பதே இப்பரிமாற்றத்தின் சரியான கணக்கு.

இந்த நோக்கில் பார்க்கையில், அறநூல்களில் பொதுவாகக் கொடையைவிடத் தாழ்ந்ததாகவே வைத்தெண்ணப்படும் விற்பனைக்கு எதிர்பாராத ஓர் உயர்வு கிட்டுகிறது. விற்கும் இடத்தில் வாங்குபவர் பொருளைத் திருப்பிப் பார்க்கலாம், குறை சொல்லலாம், விலை பேசலாம், வேண்டாம் என்று நடந்துவிடலாம். பழைய பட்டுப்புடவைக்கும் பேன்ட்டுக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துச் செல்லும் பாத்திரக்காரரும், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரரும் வீட்டுக்காரரோடு சரிநிகராக நின்று வாதாடியவர்கள். அந்த வாதத்தில் யாரும் யாருக்கும் நன்றிக்கடன் பட்டதில்லை. இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்கிட்டுக் கொடுப்பவன் அல்லன் வள்ளல் ஆய் என்று புறநானூற்றில் பாடிய முடமோசியார், அத்தகைய கணக்காளனை அறத்தை விலைக்கு விற்கும் வணிகனாகக் கண்டார். அப்படியானால், வணிகத்தை வணிகம் என்றே சொல்லிச் செய்பவர், வணிகத்தைக் கொடை என்று சொல்லிச் செய்பவரைவிட நேர்மையானவர் ஆகிறார்.

விற்பனைக்கும் அதற்கேயுரிய அறம் உண்டு. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று உரைத்ததாக நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. ஓடும்போது சூடேறும் மோட்டாரையும், மழைக்காலத்தில் ஷாக் அடிக்கும் கிரைண்டரையும் விற்பவர் முதலில் சொல்லவேண்டியது அக்குறையைத்தான். வாங்குபவர் தம்மைவிட ஏழையாக இருப்பதைக் கண்டு விற்பவர் விலையைக் குறைத்துக்கொண்டால், அக்குறைப்பே சொல்லிக்கொள்ளப்படாத உதவியாகிவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தருமத்தை எட்டுப் படிகளாக அடுக்கியபோது, தாழ்ந்த படியாக மனமின்றிக் கொடுப்பதையும், உச்சப் படியாகக் கடன், கூட்டுத்தொழில், வேலை முதலியவற்றால் ஒருவரை இனிப் பிறரிடம் கேட்காத நிலைக்கு உயர்த்துவதையும் வைத்தார். பயன்படாமல் கிடக்கும் தையல் இயந்திரத்தைத் தவணை முறையில் விற்பது, அதே இயந்திரத்தை இலவசமாகத் தருவதைவிட இந்த உச்சப் படிக்கு நெருக்கமாக இருக்கலாம்.

மறுக்கும் உரிமை இல்லாத கொடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாகப்பட்டினக் கடற்கரை சான்று. ஊர்தோறும் சேகரித்து அனுப்பப்பட்ட பழைய துணிகளில் உடுத்த இயலாதவையும் கடலோரப் பெண்கள் உடுத்த விரும்பாதவையும் சாலையோரங்களில் குவிந்து மக்கின. உழைத்துச் சம்பாதித்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட மறுத்தன. அம்மறுப்பை நன்றியின்மையாகச் சிலர் கண்டது வருந்தத்தக்கது. அது ஏற்பவரின் தகுதியை நிலைநாட்டிய செயல். அக்குவியல்களைத் தரம்பிரிக்க முன்வந்த அமைப்புகளுள் ஒன்றான கூஞ்ச், 1999இல் அன்சு குப்தாவால் தில்லியில் தொடங்கப்பட்டது. ஊர் மக்கள் தங்கள் குளத்தைத் தூர்வாரியோ பாதை அமைத்தோ உழைத்து, அவ்வுழைப்புக்கு ஈடாகத் துணியும் பாத்திரமும் பெறும் முறையை அது வளர்த்தெடுத்தது. வந்த துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, அளவும் பருவமும் பார்த்து அனுப்புவதும், உடுத்த உதவாததைக் கிழித்து வேறு பொருளாக்குவதும் அதன் நடைமுறை. ஆனந்தர் அரசனுக்குச் சொன்ன வரிசைக்கு இது வெகுதூரமில்லை.

ஈரானின் மஷ்ஹத் நகரில் 2015இல் தோன்றி, 2017இல் திருநெல்வேலியில் அன்புச் சுவர் என்ற பெயரில் அமைந்த முறை வேறு வகையானது. தேவையில்லாததை வைத்துவிட்டுச் செல்லவும், தேவையுள்ளதை எடுத்துச் செல்லவும் ஒரு பொதுச் சுவர் போதும் என்பதால், கொடுப்பவர் முகம் பெறுபவருக்குத் தெரிவதில்லை, பெறுபவர் முகம் கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. ஒப்புரவின் ஊருணிக்கு இதைவிட நெருங்கிய வடிவம் நகரத்தில் அமைவது அரிது. ஆயினும் ஊருணியைத் தூர்வார ஊர் இருந்தது. சுவரைப் பராமரிக்க யாரும் இல்லையெனில் அதுவும் சில மாதங்களில் குப்பைமேடாகும்.

விற்கவும் இயலாமல், கொடுக்கவும் தகாமல் எஞ்சும் பொருள்களே உண்மையில் மிகக் கடினமானவை. தமிழகத்தில் இவற்றின் பழைய முடிவிடம் போகித் தீ. பாயும் துடைப்பமும் ஓலையும் எரிந்த காலத்தில் பொருந்திய அச்சடங்கு, டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் காலத்தில் அடுத்த வீட்டாரின் மூச்சுக்குள் குப்பையைக் கொட்டுவதாக மாறிவிட்டது. மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசவும் முடியாத பொருள்களுக்கு, 2006க்குப் பின் அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓர் எடுத்துக்காட்டு. அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், செம்புக் கம்பிக்காக அவற்றை உடைப்பவர் நச்சையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். இத்தகைய பெட்டியை எடைக்குப் போடுபவர் பெறும் சிறு தொகை, உடைப்பவரின் உடல்நலத்திலிருந்து பிடித்துக்கொள்ளப்பட்ட தொகையே. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் மறுசுழற்சிக்கான பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. கொடுப்பவர், ஏற்பவர் என்ற இருவரை மட்டுமே கண்ட பழைய அறநூல்கள் எண்ணிப்பாராத மூன்றாமவர் இவர். பொருளைச் செய்தவருக்கும் அதன் இறுதியில் பங்கு உண்டு என்ற இக்கருத்துக்கு உரை எழுதும் பணி தானத்தைப் பற்றிச் சிந்திப்போர் முன்னால் இன்னும் கிடக்கிறது.