கோபம் யாருடையது

முப்பத்தெட்டு வயதில் நான்கு மாதம் தள்ளிப்போனபோது, மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி வந்து பார்த்தேன். பிளஸ் டூ படிக்கிற மகளை வைத்துக்கொண்டு மூக்கண்டப்பள்ளியில் அதைக் கேட்டு வாங்க வெட்கம். ஒசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஒரே கோடு. அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி அந்த மார்கழியைத் தாண்டவில்லை. குட்டி இங்கிலாந்து என்று பெயரெடுத்த ஊர் இது. சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக இருப்பார்கள். எனக்கு மட்டும் கழுத்திலிருந்து அனல் ஏறும். இரவில் நைட்டி நனைந்து விழிப்பேன், பிறகு தூக்கம் வராது. பகலில் காரணமில்லாத அழுகை. ஒருநாள் குக்கரை சிங்கில் போட்ட சத்தத்தில் அத்தை எழுந்து வந்துவிட்டார். "உனக்கு எப்பவும் வாய்தான் நீளம், இப்ப கையும் நீளுதா?" என்றார் கணவர்.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் என் சினைப்பை சீக்கிரமே ஓய்கிறது என்று தெரிந்தது. நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. நாற்பதுக்கு முன்பே சினைப்பை ஓய்வதை மருத்துவம் தனியாகப் பார்க்கிறது. நூறு பெண்களில் ஒருவருக்காவது இது வருகிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் வேலை செய்வதில்லை, மூளையில் தூக்கத்தையும் மனநிலையையும் தாங்கும் வேதிப்பொருட்களையும் தொடுகிறது. அது சீக்கிரமே குறைந்தால் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது. மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், ஏறக்குறைய ஐம்பது வயது வரை ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பார்கள். எலும்புக்கும் அது காப்பு.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காவுக்கு முப்பத்துநாலிலேயே ஆபரேஷன். கருப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பையையும் சேர்த்தா? "எல்லாம் எடுத்தாச்சும்மா" என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. கருப்பை மட்டும் போனால் உதிரம் நிற்கும், ஹார்மோன் சுரப்பது நிற்காது. சினைப்பையும் போனால் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். தன் உடம்பிலிருந்து எதை எடுத்தார்கள் என்றே தெரியாத பெண்ணிடம் ஏன் அழுகிறாய் என்று எப்படிக் கேட்பது? தேவையில்லாமல் கருப்பையை அகற்றுவதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அக்காவுக்கு அது ரொம்பத் தாமதம்.

ரிப்போர்ட் வந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு வசதி கிடைத்தது. அதுவரை என் கோபம் என் குணம். அதற்குப் பிறகு அது ஹார்மோன். செகண்ட் ஷிஃப்ட் முடித்து ராத்திரி பதினொன்றுக்கு வந்து சோறு வடிக்க முடியவில்லை என்று சொன்னால், "மாத்திரை போட்டியா?" என்று பதில் வரும். இரண்டு பேச்சிலும் நான் சொன்ன விஷயத்துக்குக் காது இல்லை.

நான் பிரேக் பேடு சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். பேடு தேய்ந்தால் வண்டி நிற்காது, உண்மை. ஆனால் சமதரையில் நிறுத்திய வண்டியைத் தேய்ந்த பேடு உருட்டிவிடுவதில்லை. அதற்குச் சரிவு வேண்டும். பதினெட்டு வருஷமாக நான் பல்லைக் கடித்துப் பொறுத்ததெல்லாம் அந்தச் சரிவு. மாத்திரையால் தூக்கம் வந்தது, அனல் அடங்கியது. மருந்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தூங்கி எழுந்து தெளிந்த தலையோடு யோசித்தபோதும் அந்தக் கோபத்தில் பாதி நியாயமாகவே இருந்தது.

இதை யாரிடமாவது பேசவேண்டும்போல் இருந்தது. மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருப்பது இதே ஒசூர் ரோட்டில்தான், பெங்களூரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அப்படி, ஒரு வசவு. எனக்கும் ஏற மனம் வரவில்லை. டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஷிஃப்ட் விட்டு வந்து மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டேன். எடுத்தவர் ஒரு பெண். மாத்திரை பற்றிப் பிறகுதான் கேட்டார். "வேலை முடிச்சு வந்தா வீட்ல யாரும்மா சமைக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி.

இப்போது செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் ராத்திரிச் சோறு கணவர் வடிக்கிறார். குழைந்துதான் போகிறது. சாப்பிடுகிறேன்.