மூச்சு விடும் நேரம்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. போய்ப் பாருங்கள். ரோடு இருக்கும், லேக் இருக்காது. 1920-களில் தி.நகர் உருவானபோது மாம்பலம் ஏரியைத் தூர்த்துவிட்டார்கள். ஏரி போய் ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரு பொருள் போனபிறகும் அதன் பெயரை வைத்துக்கொள்ளலாமா? ஏரி விஷயத்தில் இது வேலை இல்லாதவன் கேட்கிற கேள்வி. ஆனால் அதே பேட்டையில் 2020-ல் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது. சேர்ந்து பாடுகிற பெண்கள், சேர முடியாமல் போனபோது.

மாம்பலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரிய கௌடா ரோட்டு அயோத்தியா மண்டபத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், கோயில் பிராகாரங்களில், ஃப்ளாட் ஹால்களில், பெண்கள் கூடிப் பாராயணம் செய்வது அங்கே தினசரி சத்தங்களில் ஒன்று. விஷ்ணு சகஸ்ரநாமம், லலிதா சகஸ்ரநாமம், நாராயணீயம், மார்கழி வந்தால் திருப்பாவை. மிருதங்கம் கிடையாது, வயலின் கிடையாது. மிஞ்சிப்போனால் ஒரு சுருதிப் பெட்டி. குரல்தான் எல்லாம். மேல்நாட்டில் இப்படி வாத்தியம் இல்லாமல் பாடுவதற்கு 'அ கப்பெல்லா' என்று பெயர் சூட்டி, ஒரே நிறத்தில் உடை தைத்து மேடையேற்றுகிறார்கள். இங்கே வெள்ளிக்கிழமை கோஷ்டி. முடிந்ததும் சுண்டல் உண்டு.

உங்களுக்கு பக்தி இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பிரச்னையில்லை. இருபது பெண்கள் சேர்ந்து குரல் கொடுக்கிறார்கள், அது போதும்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மண்டபம் பூட்டு, கோயில் பூட்டு, ஃப்ளாட் கதவும் பூட்டு. கோஷ்டிகள் செல்போனுக்குள் குடிபோயின. முதல் வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஒருவர் மூன்றாவது நாமத்தில், இன்னொருவர் ஐந்தாவதில், யார் வீட்டிலோ குக்கர் விசில். "மாமி, நீங்க ம்யூட்ல இருக்கேள்!" என்று ஒரு குரல். "மாமி, தயவுபண்ணி ம்யூட் போடுங்கோ!" என்று இன்னொரு குரல்.

ஏன் இந்தக் களேபரம்? யாருக்கும் பாடத் தெரியாமல் போய்விடவில்லை. பௌதிகம் ஒத்துழைக்கவில்லை.

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஜமக்காளத்தில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் குரல் உங்கள் காதுக்கு வர, விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த அளவு தாமதத்தை மனித மூளை சட்டையே செய்யாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்ற இசை ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் கைதட்டலை ஒருவர் கேட்டுச் சேர்ந்து தட்டச் சொன்னார்கள். நடுவில் வெவ்வேறு அளவு தாமதத்தை வைத்துப் பார்த்தார்கள். விநாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கைத் தாண்டியதுமே தாளம் இழுபட ஆரம்பித்துவிட்டது. அவர் எனக்காக நிற்கிறார் என்று இவர் நிதானிக்க, இவர் நிதானிக்கிறாரே என்று அவர் நிதானிக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து தாளத்தைத் தூங்கவைத்துவிடுவார்கள்.

சாதாரண வீடியோ அழைப்பிலோ தாமதம் பத்தில் ஒரு பங்கு விநாடியைச் சுலபமாகத் தாண்டிவிடும். குரலைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பி, அந்தப் பக்கம் அவிழ்க்க வேண்டுமே. தவிர, இந்த மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒருவர் குரலைத் தூக்கி மற்றதை 'இரைச்சல்' என்று அமுக்கும். கோஷ்டி என்பதே அதன் அகராதியில் இரைச்சல்தான்.

நியூஜெர்சியிலிருந்து மகள் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் ஒரு வழிக்கே பதினைந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிவிடும். இதை எந்தக் கம்பெனியின் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டியும் குறைக்க முடியாது. ஐன்ஸ்டைன் விடமாட்டார்.

ஆகவே மாமிகள், உலகத்தின் பல சேர்ந்திசைக் குழுக்கள் கண்டுபிடித்த அதே வழியைக் கண்டுபிடித்தார்கள். நடத்துகிறவர் மட்டும் வாயைத் திறந்து வைத்துக்கொள்வார். மற்ற அத்தனை பேரும் ம்யூட். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், அவர் குரலோடு தன் குரலைச் சேர்த்துச் சொல்வார்கள். உங்களுக்குத் தலைவியின் குரல் கேட்கும், உங்கள் குரல் கேட்கும். தலைவிக்கோ யார் குரலும் கேட்காது. கட்டம் கட்டமாக உதடுகள் அசைவது மட்டும் தெரியும்.

இப்போது கேள்விக்கு வருவோம். இது சேர்ந்து பாடுவதா?

ஒரு வக்கீல் இப்படி வாதாடலாம். எம்.எஸ்.சின் சகஸ்ரநாம கேசட்டைப் போட்டுவிட்டுக் கூடவே சொல்லாத வீடு மாம்பலத்தில் உண்டா? அதிலும் ஒரு குரல் கேட்கும், நம் குரல் யாருக்கும் கேட்காது. வீடியோ அழைப்பும் அதேதானே? எம்.எஸ்.சைவிட நன்றாகவா உங்கள் தலைவி பாடிவிடப் போகிறார்?

வாதம் பலமானதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் கேசட் போடாவிட்டால் எம்.எஸ். உங்களுக்கு போன் செய்து, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்க மாட்டார். கோஷ்டியில் கேட்பார்கள். இருபது கட்டத்தில் ஒரு கட்டம் குறைந்தால் பாராயணம் முடிந்ததும் விசாரணை ஆரம்பமாகிவிடும். ஊரடங்குக் காலத்தில் அந்த விசாரணைக்கு என்ன மதிப்பு என்பதை, தனியாக இருந்த முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேசட்டோடு நீங்கள் சேர்ந்து பாடலாம். கேசட் உங்களோடு சேர்ந்து பாடாது. உங்களை எதிர்பார்த்து யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் நடுவில் உள்ள கோடு.

இலவச ஜூம் நாற்பது நிமிஷத்தில் அறுந்துவிடும். சகஸ்ரநாமத்துக்கு அரை மணி. மிச்சப் பத்து நிமிஷத்தில்தான் சர்க்கரை அளவு, மருந்துக் கடை, பேத்தியின் ஆன்லைன் க்ளாஸ் எல்லாம். அந்தப் பத்து நிமிஷத்தை வெட்டிப்பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழுவைக் கட்டிவைத்தது அந்தப் பத்து நிமிஷமும்தான்.

இத்தோடு 'ஆகவே இணையம் வாழ்க' என்று முடித்திருப்பேன். அது நேர்மை இல்லை. ஏனென்றால் போனது என்ன என்றும் சொல்ல வேண்டும்.

போனது மூச்சு.

நீளமான சுலோகத்தைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கியே ஆக வேண்டும், சத்தம் அறுபடும். கோஷ்டியில் அறுபடாது. நீங்கள் மூச்சு இழுக்கும் நேரத்தில் பக்கத்து மாமி சொல்லிக்கொண்டிருப்பார். அவர் இழுக்கும்போது நீங்கள். யாரும் பேசிவைத்துக்கொள்வதில்லை. ஒருவருக்கு ஒரு வரி மறந்துபோனாலும் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வரியில் இறக்கிவிடுவார்கள். தனி மனிதர்கள் எல்லோரும் நின்று நின்று மூச்சு வாங்க, கூட்டம் மட்டும் மூச்சே விடாமல் போய்க்கொண்டிருக்கும்.

வயலில் நாற்று நடும் பெண்களின் பாட்டும் இதே சங்கதிதான். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஒப்பாரியில் தோளைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். அழுகிறவளுக்குக் குரல் உடைந்தால் அடுத்தவள் பாட்டைப் பிடித்துக்கொள்வாள். பெண்கள் கூடிப் பாடும்போதெல்லாம் இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது. ஒருவர் தளரும் நேரத்தை இன்னொருவர் நிரப்புவது.

ம்யூட்டில் அது கிடையாது. உங்கள் மூச்சை நீங்களேதான் சமாளிக்க வேண்டும். நீங்கள் தடுமாறினால் யாருக்கும் தெரியாது, ஆகவே யாரும் தாங்கவும் மாட்டார்கள். இது சின்ன இழப்பு இல்லை.

சரி, ஊரடங்கு முடிந்தது. 2022 வாக்கில் மண்டபங்களும் கோயில்களும் பழையபடி திறந்தன. நிஜமான தர்மசங்கடம் அப்போதுதான் ஆரம்பம்.

ஒரு மாமியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்பதைத் தொடும் வயது. முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. மாம்பலத்துப் பழைய ஃப்ளாட், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரடங்குக்கு முன்பே அவர் கோஷ்டிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ஊர் முழுக்க வீட்டில் அடைபட்டபோது அவருக்கு மட்டும் விடுதலை கிடைத்தது. பேரன் போனில் இணைத்துக் கொடுத்தான். பல வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் கோஷ்டியில் ஒருத்தி. அப்புறம் எல்லோருக்கும் கதவு திறந்தது, அவருக்கு மூடிக்கொண்டது.

கோஷ்டி இப்போது என்ன செய்ய வேண்டும்?

மண்டபத்துக்குப் போனால் சத்தம் திரும்பக் கிடைக்கும், அந்த மூச்சு கிடைக்கும். மாமி கிடைக்கமாட்டார். போனிலேயே தொடர்ந்தால் மாமி இருப்பார், சத்தம் இருக்காது. முழுமையான ஒலி வேண்டுமா, முழுமையான குழு வேண்டுமா?

"ஒருத்தருக்காக இருபது பேர் நஷ்டப்படணுமா?" என்று கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழகாகப் பாட ஆசைப்படுவது பாவமும் இல்லை. ஆனால் 'நம் கோஷ்டி' என்று யாரைச் சொல்கிறோம் என்பது எப்போதுமே சங்கீதத்தை மட்டும் வைத்து முடிவாவதில்லை. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மா. அதே இடத்தில் ஆராதனையின்போது பெண்கள் பாடக்கூடாது என்று சொன்னார்கள். அவர் பெண்களைக் கூட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டித்தான் பிரிந்து கிடந்த கட்சிகள் ஒன்றாயின. இன்று பஞ்சரத்ன கோஷ்டியில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து பாடுகிறார்கள். அங்கே வெளியே நிறுத்தியது மனிதர்கள். இங்கே வெளியே நிறுத்துவது மாடிப்படி. மனிதர்கள் நிறுத்தினால் அநியாயம் என்கிறோம், மாடிப்படி நிறுத்தினால் 'பாவம், வயசாயிடுத்து' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

என் தீர்ப்பு இதுதான். கோஷ்டியில் மூச்சை மாற்றி மாற்றித் தாங்குவது வெறும் பாட்டு உத்தி இல்லை. நான் தளரும்போது நீ, நீ தளரும்போது நான் என்ற ஒப்பந்தம் அது. பாட்டில் மட்டும் அதைக் கடைப்பிடித்துவிட்டு, முழங்கால் தளர்ந்தவரை விட்டுவிட்டுப் போனால் ஒப்பந்தத்தை மீறியது நாம்தான். சத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அதற்காக மண்டபத்தைத் துறக்க வேண்டியதில்லை. நாலு வாரத்தில் மூன்று வாரம் மண்டபம், ஒரு வாரம் போன் என்று வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தில் ஒரு போனை நிறுத்திவைத்து மாமியைக் கேட்கவைப்பது பாதிக் கிணறுதான். அவருக்கு நம் குரல் கேட்கும், நமக்கு அவர் ஒரு கட்டம். அதைவிட நல்ல வழி, இருபது பேரில் ஆறு பேர் அந்த மூன்று மாடியை ஏறுவது. ஹால் சின்னதாக இருக்கும், மின்விசிறி சத்தம் போடும். ஆனால் அந்த அரை மணியில் அவர் மூச்சு வாங்கும் நேரத்தை நிரப்ப, பக்கத்தில் ஒரு குரல் இருக்கும்.

நீங்கள் சகஸ்ரநாமம் சொல்கிறவரோ இல்லையோ, உங்களுக்கும் ஒரு கோஷ்டி இருக்கும். காலை நடை நண்பர்கள், பழைய ஆபீஸ் சகாக்கள், காலேஜ் வாட்ஸ்அப் குழு. ஊரடங்கின்போது அடிக்கடி கூப்பிட்டுப் பேசி, எல்லாம் சரியான பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்ட ஒருவர் அதில் இருப்பார். யார் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் ஞாபகம் வந்துவிட்டதா? எத்தனையாவது மாடி?