கல்லில் இல்லாதவர்கள்

வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வரலாற்றை எழுதும்போது நாம் யாரை எண்ணுகிறோம்? யாரை விட்டுவிடுகிறோம்? ஆவணம் இல்லை என்பதால் மட்டும் ஒரு பெண்ணை விட்டுவிடுவது நியாயமா? எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றை வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்தார்கள். 1602இல் தொடங்கப்பட்ட அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கரையின் துணி தேவைப்பட்டது. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். கடலைப் பார்த்துச் செங்கல் கோட்டை எழுந்தது. கிடங்குகள் வந்தன, குடியிருப்பும் வந்தது, கல்லறைத் தோட்டமும் வந்தது. 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை, இடையிடையே கைமாறினாலும், இது அவர்களுடைய ஊராகவும் இருந்தது.

ஆனால் அவர்களை யாரும் 'வந்தேறிகள்' என்று சொல்வதில்லை. 'வணிகர்கள்' என்கிறோம். மூட்டையோடு ரயிலில் வந்து இறங்கும் கட்டடத் தொழிலாளியும் படகில் வந்த ஈழத்துப் பெண்ணும்தான் நமக்கு வந்தேறி, அகதி. வந்தவரின் கையில் பணமும் பீரங்கியும் இருந்தால் சொல் மாறிவிடுகிறது. வரலாற்றில் யார் எப்படி இடம்பெறுவார்கள் என்பது இந்தச் சொல்லிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அந்தக் கோட்டைக்குள் கல்லறைப் பலகைகள் இன்றும் கிடக்கின்றன. குலச் சின்னங்கள், பூவேலை, டச்சு எழுத்துகள் என்று ஒவ்வொன்றும் நேர்த்தியான செதுக்கல். இறந்தவரின் பெயரும் நாளும் முந்நூறு ஆண்டுகளாக அழியாமல் இருக்கின்றன. ஒரு மனிதரின் பெயர் அத்தனை காலம் நிற்பது நல்ல விஷயம். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அங்கே புதைக்கப்பட்டவர்களும் பிறந்த மண்ணைவிட்டு வெகுதொலைவில் செத்தவர்கள்தாம். அவர்களுக்கான துக்கத்தைக் குறைத்துவிட்டு நம் பெண்களுக்கான துக்கத்தைக் கூட்ட முடியாது.

என் கேள்வி, அந்தக் குடியிருப்பைத் தாங்கியவர்கள் எங்கே என்பதுதான். கம்பெனி வாங்கிய துணியைத் தறியில் நெய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் ஒரு தறி ஓயாமல் ஓட வேண்டுமென்றால் பல ராட்டினங்கள் ஓட வேண்டும். அந்த ராட்டினங்களைச் சுற்றியவர்கள் பெண்கள். அடுப்பு வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் நூற்றவர்கள். தமிழில் நூல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒரு நூலை நூற்றவர்கள் இன்னொரு நூலில் இல்லை.

கம்பெனி ஆட்களோடு குடும்பம் நடத்திய பெண்களும் இருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பெண்கள் வந்தது குறைவு. ஆகவே ஆசிய நகரங்களில் கம்பெனி ஆட்கள் உள்ளூர்ப் பெண்களையும் கலப்பு வழிப் பெண்களையும் மணந்தார்கள். சட்டப்படி மணக்க வேண்டுமென்றால் அவள் ஞானஸ்நானம் பெற வேண்டும். அப்போது அவளுக்குப் புதிய பெயர் வரும், பழைய பெயர் போய்விடும். அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் கதை இன்னும் கொடியது. 1659–61 காலத்தில் தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வந்தபோது, இந்தக் கரையின் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள்.

அதற்கும் முன்பே அப்படிப் போன ஒருத்தியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆவணங்களில் அவள் பெயர் 'பழவேற்காட்டுக் கத்தரீனா'. சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே இதே கரையில் இருக்கும் இன்னொரு டச்சுத் துறைமுகம்தான் பழவேற்காடு. அவள் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமையாக இருந்தாள். தன்னைத் தாக்கிய காதலனைத் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துபோனான் என்பது வழக்கு. மரண தண்டனை வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே தளபதி வீட்டுத் துணி துவைத்தாள். பின்னாளில் விடுதலை பெற்றாள், மணமும் செய்துகொண்டாள். அவளுடைய மகன் வழி வந்தவர்கள் இன்றும் அந்நாட்டில் வாழ்கிறார்கள்.

அவளைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம் அவள் குற்றவாளிக் கூண்டில் நின்றது. அமைதியாக நூற்று, பெற்று, துவைத்து மடிந்த பெண்களைப் பற்றி நீதிமன்றம் எதுவும் எழுதி வைக்கவில்லை.

கவிதை எழுதுகிறவள் என்பதால் எனக்குள் ஒரு ஆசை எழும். அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாமே என்று. அழகான பெயர், அவளுடைய அம்மா கூப்பிட்டிருக்கக்கூடிய பெயர். ஆனால் அது தமிழ்ப் பெயரா, தெலுங்குப் பெயரா என்பதையே நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அவளைக் கேட்காமல் பெயர் வைத்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். அன்பினால் வைத்தாலும் நான் அந்த வரிசையில்தான் போய் நிற்பேன். இடத்தைக் கற்பனையால் நிரப்பிவிட்டால் காயம் ஆறிவிட்டதுபோல் தோன்றும். யார் அழித்தார்கள் என்ற கேள்வியும் அதோடு போய்விடும். அந்த இடம் வெற்றிடமாகவே தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

இது பழைய கதை இல்லை. முதுகலை வகுப்பில் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் மாணவிகள் சொல்லிவிடுகிறார்கள். அது நிலப் பத்திரத்தில் இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் அம்மாவுக்குப் போன் செய்கிறார்கள். அம்மாவுக்கும் பல நேரம் தெரிவதில்லை. டச்சுக் கம்பெனி வராத வீடுகளிலும் பெயர் அழிந்திருக்கிறது. அந்தப் பழியைக் கடல் தாண்டி அனுப்பிவிட முடியாது.

ஆகவே வெற்றிடத்தைக் காட்டுவது முதல் வேலை. கோட்டையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 'நூல் வாங்கப்பட்டது' என்று எழுதினால், நூற்றது யார் என்று கேட்க வேண்டும். 'குடும்பத்தோடு வாழ்ந்தார்' என்று எழுதினால், அந்தக் குடும்பத்தில் சமைத்தது யார், அவளுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்ததா என்று கேட்க வேண்டும். இரண்டாவது வேலை அதைவிடச் சுலபம், அதைவிட அவசரம். நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கும் கிழவிகளிடம் போய், அவர்களுடைய அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதி வைப்பது. இவர்களை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கேட்டாலே சொல்வார்கள்.