அந்நியபாஷை பேசுகிற நாம் அந்நியனோடு பேசினோமா?



இந்த மாதம் என்னை ஒரு சாட்சி எழுதச் சொன்னார்கள். சாட்சி என்றால் ஜெயித்ததைத்தான் எழுதுவோம். நான் தோற்றுப்போன ஒன்றை எழுதுகிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டபின் நாங்கள் ஐந்தாறு பேர், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிற லைன் வீடுகளுக்கு ஊழியத்துக்குப் போவது வழக்கம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல ஊர்ப் பிள்ளைகள். ஒரே ரூமில் ஏழெட்டுப் பேர். துணி துவைக்கவும், வீட்டுக்குப் போன் பேசவும் அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான். அந்த நேரத்தில் நாங்கள் போய்க் கதவைத் தட்டுவோம். இந்திக் கைப்பிரதி ஒன்று, சத்தமாய் ஒரு ஜெபம், அடுத்த வாசல். சாயங்காலம் "இன்னைக்கு நாப்பது ரூம் பாத்தாச்சுங்கண்ணா" என்று கணக்குச் சொல்லுவோம்.

அப்படி ஒருநாள் ஒரு ரூமில் ஒடிசா தம்பி ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பனியன் கம்பெனியில் கைமடி வேலை. என்னைப் பார்த்து, "தேஹ பல நாஹி" என்றான். "ஜர, ஜர" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துத் தலையாட்டினேன். வாசலில் நின்றபடியே கையை நீட்டி ஜெபித்தேன். கைப்பிரதியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு ஓடினேன். டைபாய்டு. கூட இருந்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு பையன் சொன்னான்: "அண்ணா, அன்னைக்கே உங்ககிட்ட சொன்னான்ல, உடம்பு நல்லா இல்ல, காய்ச்சல்னு."

தேஹ என்றால் தேகம். ஜர என்றால் ஜுரம். பேதுருவின் மாமியைப்பற்றி வாசிக்கும்போதெல்லாம் நாம் வாசிக்கிற அதே ஜுரம்! இரண்டுமே நமக்குப் பழகின வார்த்தைகள். என் காதுதான் அடைத்திருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முழு இரவு ஜெபத்தில் மணிக்கணக்காய் அந்நியபாஷையில் பேசுகிறவன் நான். தேவனோடு அந்நியபாஷை பேசுகிறவனுக்கு ஒரு அந்நியனுடைய இரண்டு வார்த்தை கேட்கவில்லையே என்று ஆவியானவர் என் இருதயத்தைக் குத்தினார்.

அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். எருசலேமில் எத்தனையோ தேசத்தார் கூடியிருந்தார்கள். கலிலேயர் பேசுகிற பாஷையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் சுவிசேஷம் சொல்லுகிறோம் என்று அவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அவரவர் தங்கள் சொந்தப் பாஷையிலே கேட்டார்கள். பாஷையைக் கடந்து வரவேண்டிய பாரத்தைக் கேட்கிறவன்மேல் வைக்காமல், பேசுகிறவன் நாவின்மேல் வைத்தார் ஆவியானவர். நாமோ அந்தப் பாரத்தை, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவன் தலையில் வைக்கிறோம்.

"ஆவியானவர் அற்புதமாய்ப் பேசவைப்பாரே, நாம எதுக்குங்க படிக்கோணும்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். 1706-ம் வருஷம் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்க், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்தை எழுதிப் பழகினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. ஒரு பெரிய மனுஷன் சின்னப் பிள்ளைபோல மணலில் உட்காரச் சம்மதித்ததால் நமக்கு வந்த நன்மை அது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா. 1909-ல் தெலுங்கு பேசுகிற தோர்ணக்கலுக்கு மிஷனெரியாய்ப் போனார். 1912-ல் அங்கே பேராயரானார். 1910-ல் எடின்பரோ பட்டணத்தில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் இந்தத் தமிழர் எழுந்து, வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துத் துணிந்து பேசினார். நீங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், ஜீவனையும் கொடுத்தீர்கள், ஆனால் எங்களுக்குச் சிநேகிதர் வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாராம்சம். அன்றைக்கு அவர் முன்னால் இருந்தவர்கள் துரைமார். இன்றைக்குத் திருப்பூரில் துரைமார் யார்? வீட்டுக்காரரும் நாம், சூப்பர்வைசரும் நாம், காண்டிராக்டரும் நாம். பழைய துணியும் பிரியாணிப் பொட்டலமும் கொடுக்கிறோம். சிநேகிதம் கொடுத்தோமா?

அந்தத் தம்பி கர்த்தருடைய கிருபையால் பிழைத்தான். அடுத்த லீவுக்கு அவன் ஊருக்குப் போனபோது நானும் இரண்டு சகோதரரும் கூடவே போனோம். தன்பாத் ரயிலில் ஏறி, மறுநாள் ராயகடாவில் இறங்கி, அங்கிருந்து மலைக்கிராமம். பத்து ஒடியா வாக்கியம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். போய்ப் பார்த்தால் அவன் தாயார் பேசுகிறது குயி பாஷை! என் பத்து வாக்கியமும் போச்சு. நாலு நாள் நான் ஊமைதான். அந்த அம்மா கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தார்கள். "கூழ்" என்றேன். "கூழ்" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். மெலித்தா தீவில் பவுலும் முதலில் அந்நியர் மூட்டின நெருப்பில்தான் குளிர் காய்ந்தான், ஜெபித்துச் சுகமாக்கினது அதற்குப் பிறகு (அப். 28). வாங்கத் தெரியாதவனுக்குக் கொடுக்கவும் தெரியாது என்று அங்கே கற்றுக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று அந்த அம்மா மகனுடைய நெற்றியைத் தொட்டு, என் இரண்டு கையையும் பிடித்து அழுதார்கள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க பாத்துக்கிட்டீங்கன்னு சொன்னேன் அண்ணா" என்றான் தம்பி. ஆஸ்பத்திரிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்ததைச் சொல்லியிருக்கிறான். வாசலில் நின்றுவிட்டுப் போனதைச் சொல்லவே இல்லை. அன்பு திரளான பாவங்களை மூடும் என்று பிரசங்கித்தவன் நான். மூடினவன் அவன்.

"சரி, அந்தத் தம்பி ஞானஸ்நானம் எடுத்தானா?" என்று கேட்பீர்கள். இல்லை. அப்படியானால் இந்தச் சிநேகிதம் வீணா? இதுதான் பிரியமானவர்களே, நாம் முழங்காலில் நின்று யோசிக்கவேண்டிய கேள்வி. சிநேகிதத்தைத் தூண்டிலில் புழுவாய் மாட்டினால், மீன் கடிக்காதபோது புழுவையும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். காட்டிக்கொடுக்க வந்த யூதாசையும் ஆண்டவர் சிநேகிதனே என்றல்லவா கூப்பிட்டார் (மத். 26:50)! நான் இயேசுவை அவனிடம் மறைக்கவில்லை. என் சிநேகிதனிடம் எனக்கு அருமையானதை எப்படி மறைப்பேன்? அவன் கேட்கிறான், சொல்லுகிறேன். அவன் முடிவு அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில். என் சிநேகிதம் அதற்குக் கூலி அல்ல.

2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, வடமாநிலப் பிள்ளைகள் உயிருக்குப் பயந்து ஊருக்குக் கிளம்பினதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் நாற்பது ரூமுக்குக் கொடுத்த கைப்பிரதி உதவாது. "பயப்படாதே தம்பி" என்று அவன் பாஷையில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் ஒரே ரூமுக்குப் போகிறேன். கீழே உட்காருகிறேன். தப்புத் தப்பாய் ஒடியா பேசுகிறேன். அவர்கள் சிரித்துத் திருத்துகிறார்கள். உங்கள் லைனிலும் ஒரு ரூம் இருக்கும். இந்த வாரம் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். அவன் தாயாரைப்பற்றிக் கேளுங்கள். அவன் கொடுக்கிற டீயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நாவுக்கு அக்கினி கேட்கிற நாம் காதுக்கும் அபிஷேகம் கேட்போமாக. கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.